கரட்டுப்பதிக்கு வந்த பாறு நெழலு

கரட்டுப்பதிக்கு மொதல்ல நெழலுதான் வந்துச்சு, பறவை பொறவுதான் வந்துச்சு. ரெண்டுக்கும் நடுவுல ஏழு மாசம். அந்த ஏழு மாசமும் ஊரு எப்பிடிங்க பொழைச்சுதுன்னு கேட்டீங்கன்னா, நெழலு உழுந்த எடத்துல வத்தல் காயாதுன்னு வத்தலை நகத்திப் போட்டுப் பொழைச்சுது, அவ்வளவுதான்.

என்ற பேரு சென்னிமலை. மாட்டுக்கு ஊசி போடுறவன். படிப்பு அஞ்சாப்பு, அதுல நாலாப்பை ரெண்டு தடவை படிச்சதால ஆறுன்னு வெச்சுக்கலாம். எங்க ஊருக்கு மாயாத்தைத் தாண்டித்தான் வரணும், ஆத்துல தண்ணி வந்தா பஸ் வராது, பஸ் வந்தா மாட்டு டாக்டரு வரமாட்டாரு, அதனால ஊருல எந்தக் கட்டுத்தறியில மாடு படுத்தாலும் என்னயத்தான் கூப்புடுவாங்க. எங்கிட்ட சர்ட்டிபிகேட் இல்ல. ஆனா இன்னைக்கு வரைக்கும் ஒரு மாடு கூட அதைக் கேட்டதில்லீங்க.

என்ற புள்ள மோனிஷா எட்டாப்பு. அவிய டெய்சி டீச்சரு, அழிஞ்சுட்டு வர்ற உசுரைப் பத்தி ஆளுக்கொரு ப்ராஜெக்ட் செய்யோணும்னு சீட்டு எழுதிக் குலுக்கிப் போட்டிருக்கறாங்க. புலி வந்த பையன் புலியாட்டம் குதிக்கறான், யானை வந்த புள்ள யானையாட்டம் நடக்கறா, நம்ம புள்ளைக்கு வந்தது பாறு. பொணந்தின்னிக் கழுகுங்க. கழுத்துல மசுரு இல்லாம, செத்ததைத் தின்னுட்டு, அது பாட்டுக்கு இருந்த சாமான். ஒரு காலத்துல எங்க பாறையில இருநூறு முந்நூறு உக்காந்திருக்குமாம். இப்ப ஒண்ணு இல்ல.

"டீச்சர்கிட்டச் சொல்லி மயிலா மாத்திக்க கண்ணு, பாக்கறதுக்காவது லட்சணமா இருக்கும்"னு நான் சொன்னேன்.

"மயிலு அழியலப்பா, அது நம்ம தக்காளியத்தான் அழிக்குது"ன்னா. அவிய அம்மா ருக்குமணி அடுப்படியில இருந்து சிரிச்சா. நான் பாறு பொம்மைக்குத் தெர்மாகோலு வெட்டுனேன்.

ரெக்கைக்குக் கிழிஞ்ச குடைத்துணி, கழுத்துக்கு சைக்கிள் டியூப்பு, தலைக்கு என்ற பையில காலியாக் கெடந்த ஊசி மருந்து பாட்டலு. ஒரு ஞாயித்துக்கெழம, பொழுது உச்சிக்கு ஏறுற நேரத்துல, வாசல்ல உக்காந்து அந்தப் பாட்டலைப் பசை போட்டு ஒட்டி, "ஆச்சு"ன்னு மோனிஷா கையை எடுத்தா பாருங்க, அப்பத்தான் வாசல்ல ஒரு நெழலு உழுந்துச்சு. ஆறேழடி ரெக்கை. முனையில வெரலு விரிச்சாப்புல இறகு. சுத்தி வந்துச்சு, வாசலைத் தாண்டிச் செவுத்துல ஏறி, ஓட்டுல நடந்து, அடுத்த ஊட்டுக்குப் போச்சு. மேல அண்ணாந்து பாத்தோம். வானம் கழுவி வெச்ச குண்டாவாட்டம் சுத்தமா இருந்துச்சு. பறவை இல்ல. வெறும் நெழலு.

"வந்துருச்சு"ன்னு சொல்லிட்டு மோனிஷா பசை டப்பாவை மூடுனா.

அடுத்தநாள்ல இருந்து அது தெனமும் வந்துச்சு. காலையில பாறைப்பக்கம் இருந்து எறங்கும், ஊரை நாலு சுத்து சுத்தும், பொழுது சாய்ஞ்சா போயிரும். மொத வாரம் கோழியெல்லாம் கூடைக்குள்ள பூந்துக்கிச்சு. ரெண்டாவது வாரம் ஒரு சேவலு துணிஞ்சு நெழலோட கழுத்தைக் கொத்திப் பாத்து மண்ணைத் தின்னுச்சு. மூணாவது வாரத்துல இருந்து குஞ்சுக நெழலுக்குள்ளயே நடந்து மேய ஆரம்பிச்சிருச்சு, வெயிலுக்குக் குளுகுளுன்னு இருக்குதாமா. நூறுநா வேலைக்குப் போற பொம்பளைக அதைப் பாத்துட்டு, நெழலு எங்க சுத்துதோ அங்க மண்ணு வெட்டறதுன்னு வெச்சுக்கிட்டாங்க. வேலை பாக்கற மேஸ்திரி நெடுக வெட்டச் சொன்னா இவிய வட்டமா வெட்டி வெச்சிருப்பாங்க. இப்பவும் போய்ப் பாருங்க, எங்க ஊரு வாய்க்கா மட்டும் முறுக்குப் புழிஞ்சாப்புல இருக்கும்.

பாறு வட்டம் போட்டா சாவு வரும்னு ஒரு பேச்சு உண்டுங்களே, அதுல கொஞ்சம் அக்கப்போரு ஆச்சு. இழுத்துட்டுக் கெடந்த கருப்பண்ணக் கவுண்டரு ஊட்டு மேல நெழலு ரெண்டு நாளா வட்டம் போட்டுட்டே இருந்துச்சு. ஒறம்பரையெல்லாம் வந்து சேந்துட்டாங்க, பந்தலுக்குக் கூடச் சொல்லியாச்சு. கவுண்டரு சன்னல் வழியா அதைப் பாத்தாரு. "பறவை வந்தாலாவது மருவாதி. வெறும் நெழலை அனுப்பி என்னயக் கூப்புடறானா?"ன்னு எந்திரிச்சு உக்காந்து ரசஞ்சோறு கேட்டாரு. இப்ப வரைக்கும் இருக்கறாரு. பந்தக்காரன்தான் பாவம். பஞ்சாயத்துல கூடி, கல்யாணத்தன்னைக்கு மட்டும் நெழலு மண்டபத்துப் பக்கம் வரப்படாதுன்னு தீர்மானம் போட்டு, படிச்சுக் காட்டோணுமேன்னு பாறையில போய்ச் சத்தமாப் படிச்சுட்டு வந்தாங்க. அது கேட்டுக்கிச்சு. ஆனா கோயில் நோம்பியில மட்டும் சப்பரத்துக்கு முன்னால போச்சு, அதை யாரும் ஒண்ணும் சொல்லல. பாரஸ்ட்டுக் கார்டு ஒருத்தரு வந்து நோட்டை விரிச்சு, ஆணா பொண்ணான்னு ஒரு கட்டம், வயசுக்கு ஒரு கட்டம், நெழலுக்குக் கட்டமே இல்லைன்னு நோட்டை மூடிட்டு டீ குடிச்சுட்டுப் போயிட்டாரு.

இப்பிடி எல்லாம் சொகமாப் போயிட்டிருந்தப்போ கிட்டான் எருமை படுத்துச்சு. கிட்டான் டீக்கடைக்காரன்.

இங்கதாங்க எங்க ஊரு வழக்கம் ஒண்ணு சொல்லோணும். எங்க ஊருல மாடு கட்டுத்தறியில படுத்த படுக்கையாச் சாகப்படாது. எந்திரிச்சு நாலு காலுல நிக்கோணும், படலைத் தாண்டி ரெண்டடி வெளிய வெக்கோணும், ஊட்டுக்காரி கையால ஒரு வாய் தண்ணி குடிக்கோணும், பொறவு சாகலாம். இல்லாட்டி அந்தக் கட்டுத்தறியில இன்னொரு மாடு நெலைக்காது. அதுக்காகத்தான் கடைசியில என்னயக் கூப்புடறது. வலி மருந்து ஒண்ணு இருக்குது, டைக்ளோன்னு. மாட்டுக்குப் போடறதைக் கவுருமெண்டுல எப்பவோ தடுத்துட்டாங்க. மனுசனுக்குன்னு வர்ற பாட்டலை வாங்கி, ரெண்டு பாட்டலு ஒண்ணா ஏத்துனா, சாகப்போற மாடு கூட வலி மறந்து எந்திரிச்சு நிக்கும். படலைத் தாண்டும். தண்ணி குடிக்கும். ஊட்டுக்காரி அழுதுட்டே என்னயக் கும்புடுவா. முப்பது வருசமா கரட்டுப்பதியில ஒரு மாடு படுத்துட்டுச் சாகல. அது என்ற கைராசின்னு பேரு.

கிட்டான் எருமையும் அப்பிடித்தான் கவுரவமா நின்னு செத்துச்சு. இழுத்துட்டுப் போய்ப் பாறையடியில போட்டாங்க. அன்னைக்குத்தான் நெழலு மொத மொதலா வட்டம் போடறதை நிறுத்திட்டு எறங்குச்சு. எருமை மேல ஏறி உக்காந்துச்சு, கழுத்தை உள்ள விட்டு விட்டு எடுத்துச்சு. ஊரே தள்ளி நின்னு பாத்துச்சு.

மறுநா காலையில நெழலுல ஓட்டை.

வலது ரெக்கையில, சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஒரு ஓட்டை. அது வழியா வெயிலு உழுந்து மண்ணுல வட்டமா மின்னுச்சு. சின்னப் பசங்க அந்த வெயிலுக்குள்ள காலை வெச்சு வெச்சு வெளையாண்டாங்க. மோனிஷா வெளையாடல. டேப்பு கொண்டுபோய் ஓட்டையை அளந்து நோட்டுல எழுதிட்டு வந்தா.

"எருமைக்கு என்ன ஊசிப்பா போட்டீங்க?"

"நல்ல ஊசிதான் கண்ணு."

"பேரு?"

"ஊசிக்குப் பேரு வெச்சு அதுக்குக் காது குத்தறதா? போய்ப் படி."

அவ என்ற பையைத் தெறந்து பாட்டலை எடுத்து, பேரைப் பாத்து எழுத்துக்கூட்டி எழுதிக்கிட்டா. நான் அப்பவும் சிரிச்சேன்.

பள்ளிக்கோடத்துல கண்காட்சி. நானும் தலைக்கு எண்ணெ தடவி, வெள்ளைச் சட்டை போட்டு, மொத வரிசையில போய் உக்காந்துட்டேன், ரெக்கை நான் வெட்டுனதாச்சே. ஊரு சனம் பூரா வந்திருக்குது. புலிக்காரன் பேசுனான், யானைக்காரி பேசுனா. மோனிஷா மேடை ஏறி, கையைக் கட்டிட்டு, கணீர்னு சொன்னா: "பாறு செத்த மாட்டைத் தின்னு ஊரைச் சுத்தமா வெக்கும். டைக்ளோ போட்ட மாட்டைத் தின்னா அதுக்குக் கிட்னி கெட்டு, வயித்துக்குள்ள சுண்ணாம்பாட்டம் வெள்ளை படிஞ்சு, தலையைத் தொங்கப் போட்டுச் செத்துரும். எங்க ஊருல பாறு அழியக் காரணம் எங்கப்பா திரு. சென்னிமலை அவர்கள்."

அவர்கள்னு வேற.

டெய்சி டீச்சரு கை தட்டலாமா வேண்டாமான்னு என்ற மொகத்தைப் பாத்தாங்க. பின்னால இருந்து கிட்டான், "ஏனுங் சென்னிமலை, சார்ட்டுல உங்க போட்டோவை ஒட்டலைங்களா?"ன்னான். நாலு பேரு சிரிச்சாங்க. ஊட்டுக்கு வந்து சோத்துத் தட்டு முன்னால உக்காந்தேன். ருக்குமணி, "புள்ளைய ஒண்ணும் சொல்லிப்போடாதீங்க மாமா, அவ பொய் சொல்லல"ன்னா. அதுதாங்க எரிஞ்சுது. பொய்யா இருந்தா நாலு அப்பு அப்பியிருக்கலாம்.

மோனிஷாவைக் கேட்டேன். "அத்தனை சனத்துக்கு முன்னால அப்பன் பேரைச் சொல்லோணுமா?"

"டீச்சரு காரணம் எழுதோணும்னாங்கப்பா. தீர்வும் எழுதோணும். அந்த எடம் இன்னும் காலியா இருக்குது. உங்களைக் கேக்காம எப்பிடி எழுதறது?"

சார்ட்டைப் பாத்தேன். தீர்வுன்னு செகப்பு இங்க்குல போட்டு அடியில கோடு இழுத்து வெச்சிருந்தா. கீழ ஒண்ணுமில்ல.

நானும் ஒடனே திருந்திடலீங்க. ஊருல அதுக்குப் பொறவு ரெண்டு மாடு படுத்துச்சு, ரெண்டுக்கும் போட்டேன், ரெண்டும் நின்னு செத்துச்சு, நெழலுக்கு இன்னும் ரெண்டு ஓட்டை உழுந்துச்சு. மாசி பொறக்கறதுக்குள்ள அது வெளுத்துப் போச்சு. முன்னால கரியாட்டம் இருந்தது இப்பத் தண்ணிப் பாலாட்டம். கோழிக்குஞ்சுக அதுக்குள்ள நிக்கறதை உட்டுருச்சு. வாய்க்காலு வெட்டற பொம்பளைக, "இன்னும் ஒரு மாடு தின்னா இது அவ்வளவுதான் போ"ன்னு சாதாரணமாத்தான் பேசிக்கிட்டாங்க. ஆனா பேசிட்டு என்ற ஊட்டுப் பக்கம் பாத்தாங்க. நான் பஸ்ஸைப் புடிச்சு டவுனு மாட்டு டாக்டருகிட்டப் போனேன். "பாறுக்குக் கெடுதல் பண்ணாத வலி ஊசி இருக்குதுப்பா"ன்னு வேறொண்ணை எழுதிக் குடுத்தாரு. "இது போட்டா மாடு எந்திரிக்குமுங்களா?"ன்னு கேட்டேன். "வலி கொறையும். சாகப்போறதை நிக்க வெக்கறதுக்கு வைத்தியத்துல மருந்து இல்ல"ன்னாரு. முப்பது வருசம் நான் வைத்தியத்துல இல்லாததைச் செஞ்சிருக்கறேன்னு அப்பத்தான் தெரிஞ்சுது.

மாசிப் பதினஞ்சாந் தேதி, பத்து மணி வாக்குல, ராமாத்தாக்கா மாடு படுத்துருச்சு.

ராமாத்தாக்கா புருசன் போயி ஒம்பது வருசம். அந்தச் செவலைப் பசு ஒண்ணுதான் அவிய ஊட்டுல பேச்சுத் தொணை. டாக்டரு போனுல வீடியோ பாத்துட்டு, தீவனத்தோட கம்பி முழுங்கியிருக்குது, இருதயம் வரைக்கும் குத்திருச்சு, பொழைக்காதுன்னு சொல்லிட்டாரு. நான் அந்தப் புது ஊசியைப் போட்டேன். மாடு பல்லைக் கடிக்கறதை நிறுத்துச்சு, மூச்சு சீரா வந்துச்சு, தலையை ராமாத்தாக்கா மடியில வெச்சுது. எந்திரிக்கல. கட்டுத்தறிக் கூரை மேல நெழலு வந்து உக்காந்துச்சு. இருக்குதா இல்லையான்னு கண்ணைச் சுருக்கிப் பாக்கோணும், அப்பிடி இருந்துச்சு.

"ஏப்பா சென்னிமலை, அந்த ஊசியைப் போடு."

"போட்டுட்டனேக்கா."

"இது இல்ல. நிக்கற ஊசி. உம்பையில கெடக்குதுல்ல, எனக்குத் தெரியாதா?"

கெடந்துச்சுங்க. ரெண்டு பாட்டலு. வாசல்ல ஊரே நிக்குது. மோனிஷா பள்ளிக்கோடத்துப் பையைத் தோளுல இருந்து எறக்காம படலுக்கிட்ட நிக்கறா. என்ற மொகத்தைப் பாக்கல, பையையே பாக்கறா.

"போட மாட்டேனுங்க்கா."

ராமாத்தாக்கா எந்திரிச்சு வந்தாங்க. "உம்புள்ள சார்ட்டுல கோடு போட்டு வெச்சிருக்கறான்னு, என்ற மாடு படுத்துட்டே சாகோணுமா? கிட்டான் எருமை நின்னு போச்சு, கண்டவன் கெடாரி நின்னு போச்சு, என்ற செவலை மட்டும் நாதியத்துப் போகோணுமா? அந்த நெழலு உனக்கு ஒறவா, நான் உனக்கு ஒறவா?"

"நெழலு போனாப் போகுது, அக்காளுக்குப் போட்டு உடுங்க"ன்னு கிட்டான் சொன்னான். ஆமாம்னு பத்து தலை ஆடுச்சு. முப்பது வருசக் கைராசியை அந்த எடத்துல எல்லாரும் என்ற கையில திருப்பிக் குடுக்கறாங்க, சும்மா மூடியைத் தெறந்தாப் போதும்.

நான் பாட்டலு ரெண்டையும் எடுத்தேன். மோனிஷா கண்ணை மூடிக்கிட்டா. ரெண்டையும் ஒடைச்சுச் சாக்கடையில ஊத்துனேன். ராமாத்தாக்கா, "அட பாவீ"ன்னு வாயில அடிச்சுக்கிட்டாங்க.

"அக்கா, மாடு நிக்கோணும், அவ்வளவுதானுங்களே? நிக்கும். ஊசி நிறுத்தாது, நான் நிறுத்தறேன்."

சட்டையைக் கழட்டிப் படலுல போட்டுட்டு, மண்ணுல உக்காந்து, மாட்டோட நெஞ்சுக்கடியில தோளைக் கொடுத்தேன். நானூறு கிலோ மாடுங்க. நான் ஈர வேட்டியோட சேத்து அம்பத்திரண்டு. தம் கட்டித் தூக்குனேன். மாடு அசையல, எனக்கு மட்டும் இடுப்புல ஒரு சத்தம் கேட்டுது. பின்னால போய்க் குனிஞ்சு தூக்குனேன், மாடு என்ற முதுகு மேல சாணி போட்டுச்சு.

"ஏனுங், மாடு எந்திரிக்குமுங்களா, நீங்க படுப்பீங்களா?"ன்னான் கிட்டான்.

"வாய்ல தூக்காதடா, தோளுல தூக்கு"ன்னேன்.

ருக்குமணிதான் மொதல்ல வந்தா. சேலையை இழுத்துச் சொருகிட்டு அந்தப்பக்கம் தோளைக் கொடுத்தா. மோனிஷா பையை எறக்கி வெச்சுட்டு ஓடி, ரெண்டு கோணிச்சாக்கைக் கொண்டாந்து வயித்துக்கடியில திணிச்சா. வாய்க்காலு வெட்டற பொம்பளைக ஆறு பேரு சாக்கு முனையைப் புடிச்சாங்க. கெணத்துக் கயிறு வந்துச்சு, மூங்கிலு வந்துச்சு. "நல்லாத்தான் இருக்குது உங்க கூத்து"ன்னு சொல்லிட்டே கிட்டானும் வந்து வாலுப்பக்கம் புடிச்சான், அவனுக்கு அந்த எடந்தான் ஒதுக்குனோம். பதினெட்டுப் பேரு. ஏலேலோ போட்டுத் தூக்குனோம், உழுந்துச்சு. மறுபடி தூக்குனோம், முன்னங்கால் மடங்குச்சு. மூணாவது தடவை ராமாத்தாக்கா வாயில அடிச்சுக்கறதை உட்டுட்டு, மாட்டு மொகத்துக்கு நேரா நின்னு, "எந்திரிடி தங்கம், அத்தனை பேரு புடிச்சிருக்கறாங்க, வெக்கப்படாம எந்திரி"ன்னாங்க.

எந்திரிச்சுதுங்க.

ஒவ்வொரு காலையும் ஒரு ஆளு புடிச்சு, பச்சைக் கொழந்தைக்கு நடை பழக்கறாப்புல எடுத்து எடுத்து வெச்சோம். கட்டுத்தறியில இருந்து படலு பன்னெண்டடி. அதுக்கு அரை மணி நேரம் ஆச்சு. படலைத் தாண்டி ரெண்டடி கேட்டாங்க, நாங்க அஞ்சடி வெச்சோம். ராமாத்தாக்கா சொம்பு வேண்டாம்னு கையிலயே தண்ணி அள்ளிக் குடுத்தாங்க. மாடு குடிச்சுது, அவிய கையை நக்குச்சு. பொறவு பதினெட்டுப் பேரு தோளுலயும் ஒரே நேரத்துல கனம் ஏறுச்சு. எல்லாருக்கும் தெரிஞ்சுது. போட்டுடாம, மெல்லத்தான் எறக்குனோம்.

ராமாத்தாக்கா என்னயப் பாத்தாங்க. திட்டுவாங்கன்னு நின்னேன். "ஊசி போட்டா மாடு கண்ணு எங்கயோ பாக்கும், சென்னிமலை. இது என்னயப் பாத்துச்சு"ன்னு சொல்லிட்டு முந்தானையால என்ற முதுகுச் சாணியைத் தொடைச்சு உட்டாங்க.

மாட்டைத் தோலு உரிக்காம, மருந்து தடவாம, டிராக்டருல ஏத்திப் பாறை மேல வெச்சோம். நெழலு எறங்குச்சு. தின்னுச்சு. இத்தனை மாசமாச் சத்தமே இல்லாம இருந்துச்சுங்களா, அன்னைக்கு ரெக்கை அடிக்கற சத்தம் கேட்டுச்சு, மொறத்துல பொடைக்கறாப்புல. மறுநா ஒரு ஓட்டை தூந்து மூடிருச்சு. அதுக்கு மறுநா மத்ததும். மூணாவது நாளு காலையில நெழலு வாசலுக்கு வரல. ஊரு சனம் பூரா குனிஞ்சு குனிஞ்சு மண்ணுல தேடுது. தாலியைத் தொலைச்சாப்புலத் தேடுது. ராமாத்தாக்காதான் இடுப்பு வலிக்குதுன்னு நிமுந்து, அப்பிடியே பாறையைப் பாத்தாங்க.

அங்க உக்காந்திருந்துச்சு. இறகும் எலும்புமா, நெசமான பாறு. மூக்கு வளைஞ்சு, கழுத்து மொட்டையா, தின்னது மூஞ்சி பூரா அப்பி, நாத்தம் இங்க வரைக்கும் அடிக்குது.

"இந்த மொகறைக்கா என்ற செவலையைக் குடுத்தேன்?"ன்னு ராமாத்தாக்கா கேட்டாங்க. முந்தானையால மூக்கைப் பொத்திட்டு, "தின்னு தின்னு. மிச்சம் வெக்காமத் தின்னு"ன்னாங்க.

மோனிஷா சந்தோசத்துல குதிப்பான்னு பாத்தேன். அவ வெரலுல என்னத்தையோ எண்ணிட்டு நின்னா. "ஒண்ணை வெச்சு என்னப்பா பண்றது? அதுக்கு ஜோடி வேணும். ஜோடி சேந்தாலும் வருசத்துக்கு ஒரே முட்டைதான் வெக்கும்"னா.

"ஏங் கண்ணு, அப்பனை ஒரு நா உக்கார உட மாட்டியா?"

அவ சொன்னது எங்கயோ கேட்டிருச்சு போல. அடுத்த வாரமே இன்னொரு நெழலு வந்துச்சுங்க. எந்த ஊருல என்னத்தைத் தின்னுச்சோ, ரெக்கை பூரா சல்லடை. எண்ணுனா பதினோரு ஓட்டை. அது வந்து எறங்குன அன்னைக்கே கிட்டானோட இன்னொரு எருமை படுத்துருச்சு. புது ஊசியைப் போட்டு வலியைக் கொறைச்சுட்டேன், அது நிக்கல. கிட்டான் கடையைச் சாத்திட்டு வந்து நிக்கறான். ஊசி கேக்கல. ஆறு பொம்பளைகளும் சாக்கோட வந்துட்டாங்க, கருப்பண்ணக் கவுண்டரு கூட ஊன்றுகோலை வெச்சுட்டு நானும் ஒரு கை புடிக்கறேன்கறாரு.

எருமை பசுவாட்டம் இல்லீங்க, எச்சாக் கனம், சேத்துல வேற வழுக்குது. நெழலு கிட்டான் ஊட்டு ஓட்டுல உக்காந்து கழுத்தை நீட்டிப் பாக்குது. "இரு, அவசரப்படாத"ன்னு அதுக்கு ஒரு வார்த்தை சொல்லிட்டு, நான் நெஞ்சுக்கடியில தோளைக் கொடுத்தேன்.

"ம், புடிங்க!"

மொதத் தடவையே ஒரு காலு எந்திரிச்சுது.